கிலோமீட்டர் கூலி

மூன்று மணிக்குள் ஏற்றிவிட வேண்டும்.
படிவம் நான்கு, ஏழாம் கட்டம் கேட்கிறது:
ஒரு கிலோமீட்டர் ஓட்ட என்ன விலை,
எண்ணிலும் எழுத்திலும்.

சிங்காநல்லூர்க் குளத்தோரம் தகரச் செட்டு.
பழைய டயர்மேல் உட்கார்ந்து
தெய்வசிகாமணி அண்ணன் சொல்லச் சொல்ல
நான் தட்டுகிறேன்.
டீசல் இருபத்து மூன்று.
டிரைவர் கண்டக்டர் பதினெட்டு.
டயர் இரண்டு எண்பது.
எப்சி, இன்சூரன்ஸ், வரி,
பல்லடம் பைனான்ஸ் வட்டி,
"அத நாலேகால்னு போடு. இல்ல, நாலரை."

அறுபத்தொன்று நாற்பது.
நாற்பது காசை எடுத்துவிடட்டுமா என்றேன்.
கண்ணை மூடிப் பெருக்கினார்:
"ரெண்டு வண்டிக்கு வருசம் அறுபத்து நாலாயிரம்.
உன் சம்பளத்துல பாதி, கண்ணு."
நாற்பது காசு இருக்கட்டும் என்றேன்.

இதுவரை சில்லறை எங்கள் பையில் விழுந்தது.
மழை பெய்தால் நட்டம்.
முன்வண்டியை ஒண்டிப்புதூரில் முந்திவிட்டால்
அன்றைக்குத் தீபாவளி.
இனி டிக்கெட் காசு நேராக அரசாங்கத்துக்கு.
ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும்
சக்கரம் சுற்றியதற்குப் பணம்.
சுற்றாவிட்டால்
சிங்கிளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம்.

சோமனூரிலிருந்து மச்சான் சென்னியப்பன் வந்திருந்தார்,
முப்பத்தாறு தறி,
புருவத்தில் பஞ்சு.
"மாப்ள, இதுக்கு எங்கூர்ல பேரு கூலி நெசவு.
பாவு அவனுது, ஊடை அவனுது,
துணி வித்தாலும் தேங்குனாலும் அவம்பாடு.
தறி மட்டும் உனக்கு. கரண்டு பில்லும் உனக்கு.
கூலி ஏத்தித் தாரேன்னு
அதிகாரி முன்னால கையெழுத்துப் போடுவான்.
மை காயறதுக்குள்ள மறந்துருவான்."
"இது கவர்மெண்டு, மச்சா."
"அதத்தானே நானுஞ் சொல்றேன்."

பத்தொன்பதாம் விதியை மறுபடி வாசிக்கச் சொன்னார் அண்ணன்.
பில் கொடுத்த நாற்பத்தைந்து நாளில் பணம்.
தறிக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்:
"நாப்பத்தஞ்சு நாளுன்னா எத்தனை நாளு, அம்மணி?"

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது.
சொல்லவில்லை.
நான் அண்ணன் வண்டியில் வேலைக்கு வருவதில்லை.
எட்டு ஐம்பதுக்கு ராவத்தூர் பிரிவில்
அதுதான் முதலில் வரும்.
படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஏசுதாஸ் கூப்பிடுவான்,
"சிங்காநல்லூரக்கா, காந்திபுரம் காந்திபுரம்!"
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன்.
பதினொரு ரூபாய். போக வர இருபத்திரண்டு.
பின்னால் கவர்மெண்டு வண்டி,
பெண்களுக்குக் காசில்லை.
பதினான்கு பேர் நிற்பதைத் தூரத்திலேயே எண்ணிவிட்டு
இருபதடி தள்ளிப் போய் நிற்கும்.
சில நாள் அதுவும் இல்லை.
புடவையைத் தூக்கிப் பிடித்து ஓடியிருக்கிறேன்,
ஓசிக்கு ஓட்டமா என்று
பஞ்சர் கடைக்காரன் சிரித்திருக்கிறான்.

டெண்டர் வென்றால் ஏப்ரலிலிருந்து
அண்ணன் வண்டியிலேயே எனக்குக் காசில்லை.
எனக்காக யாரோ அறுபத்தொன்று நாற்பது தருவார்கள்,
நான் ஏறாவிட்டாலும் தருவார்கள்.

படிவத்தில் கேமராவுக்குக் கட்டம் இருக்கிறது.
படியின் உயரத்துக்கு இருக்கிறது.
ஆள் கூப்பிடும் குரலுக்கு
மேலும் கீழும் தேடினேன்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஏறிவிட்டது.
ரசீது எண்ணை அண்ணன்
டயரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

சாயந்தரம் ஏசுதாஸ் கூப்பிட்டதும் ஏறினேன்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
பத்து தந்துவிட்டு, மறுபடி என் கையைப் பார்த்து,
ஒன்றைத் திருப்பி வாங்கமுடியாமல் விட்டுவிட்டான்.
"ஏப்ரலுக்கு அப்புறம் நீ கூப்பிட வேண்டியதில்ல, ஏசு.
வண்டி ஓடினாப் போதும்."
"அப்ப நான் என்னக்கா பண்றது?"

இருகூர் பிரிவில் யாரும் இல்லை.
ஒரு நாய், ஒரு விளம்பரப் பலகை.
பாதி உடம்பை வெளியே நீட்டி
அவன் கூப்பிட்டான்,
"சூலூர் சூலூர் சூலூர்!"